ஐந்நூறு மீட்டரும் ஐம்பது மீட்டரும்

செஞ்சியில் வசிப்பவர்களுக்கு மீட்டர் கணக்கு புதிதல்ல. கோட்டையின் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் எழுப்பக் கூடாது. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை கட்டுவதற்கு முன் அனுமதி பெற வேண்டும். 2025 ஜூலையில், மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற தொகுப்பில் அடங்கிய 12 கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றபோது, ஊரில் மகிழ்ச்சியோடு கூடவே எழுந்த முதல் கேள்வி, இந்த எல்லை இனி விரியுமா என்பதுதான். மனை வைத்திருப்பவரின் கவலை நியாயமானது. ஆனால், பொருளியல் கற்பித்த எனக்கு அந்த எல்லையின் அளவைவிட அதன் உறுதி வியப்பளிக்கிறது.

1992-இல் ஓர் அறிவிக்கையாக வந்த அந்த 100 மீட்டர், 2010-இல் நாடாளுமன்றச் சட்டத் திருத்தத்தின் வழியாகச் சட்டத்துக்குள்ளேயே எழுதப்பட்டது. அரசுத் திட்டங்களுக்காக அதைத் தளர்த்தும் மசோதா 2018 ஜனவரியில் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் தெரிவுக் குழுவுக்குச் சென்றது. அந்த வடிவில் சட்டமாகவில்லை. ஓர் எல்லையைத் தளர்த்த இரண்டு அவைகளின் ஒப்புதல் தேவைப்பட்டால், அது எளிதில் தளர்வதில்லை.

செஞ்சியிலிருந்து கிழக்கே சென்றால், இதே விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணத்தையும் பொம்மையார்பாளையத்தையும் உள்ளடக்கிய சுமார் 40 கிலோமீட்டர் கடற்கரை இருக்கிறது. அங்கும் ஒரு மீட்டர் கணக்கு உண்டு. அதன் பிறப்பு ஒரு பிரதமர் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அந்தக் கணக்குக்கு நேர்ந்த கதி வேறு.

1981 நவம்பரில் இந்திரா காந்தி, கடற்கரை மாநிலங்களின் முதல்வர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். கடற்கரைகள் சீரழிவதும் தவறாகப் பயன்படுத்தப்படுவதும் கவலை அளிப்பதாகவும், உயர் அலைக் கோட்டிலிருந்து குறைந்தது 500 மீட்டர் வரை எந்தச் செயல்பாடும் இன்றிக் கரை விட்டுவைக்கப்பட வேண்டும் என்றும், ஆலைக் கழிவும் நகரக் கழிவும் கடலோரத்தில் சேரக் கூடாது என்றும் அதில் அறிவுறுத்தினார். இன்று நாம் கடலோர ஒழுங்காற்று மண்டலம் என்று சொல்லும் ஏற்பாட்டின் விதை அக்கடிதம்தான்.

அப்போது நான் முதுகலை மாணவன். அந்த ஆண்டின் முக்கியத்துவம் எங்கள் வகுப்பறையில் யாருக்கும் புரிந்திருக்கவில்லை. எண்ணெய் விலை, சர்வதேசச் செலாவணி நிதியத்திடம் வாங்கிய கடன், பணவீக்கம் ஆகியவைதான் பேச்சு. பின்னோக்கிப் பார்க்கும்போது, 1981 என்ற ஒரே ஆண்டில் அந்த அரசியல் தலைவர் கடலையும் ஆற்றலையும் பற்றிச் செய்தவை ஒரு பட்டியலாகவே நீள்கின்றன. மார்ச் மாதம் மாற்று ஆற்றல் மூலங்களுக்கான ஆணையம் அமைக்கப்பட்டது. ஜூலையில் கடல் மேம்பாட்டுத் துறை பிரதமரின் நேரடிப் பொறுப்பில் உருவானது. ஆகஸ்டில் புதிய, புதுப்பிக்கத்தக்க ஆற்றல் மூலங்களுக்கான ஐ.நா. மாநாட்டில் உரையாற்ற அவர் நைரோபி சென்றார். நவம்பரில் அந்தக் கடிதம். டிசம்பரில் இந்தியாவின் முதல் அண்டார்டிகா பயணம் தொடங்கியது.

இதைக் கொண்டு அவரைச் சூழலியல் துறவியாக வரைவது பிழை. மாற்று ஆற்றலில் அவருக்கு இருந்த அக்கறைக்கு முதல் காரணம், 1979-இல் ஏற்பட்ட இரண்டாவது எண்ணெய் அதிர்ச்சி. புவி வெப்பமாதல் அன்று அரசியல்வாதிகளின் அகராதியில் இல்லை. நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியவர் அவரே. கல்பாக்கத்தில் கடலோரமாகவே நிற்கும் அணுமின் நிலையத்தை 1983 ஜூலையில் நாட்டுக்கு அர்ப்பணித்தவரும் அவரே. கடலையும் அவர் இரண்டு கண்களால் பார்த்தார். ஒரு கண்ணுக்கு அது காக்க வேண்டிய இயற்கை. மறு கண்ணுக்கு அது கனிமக் கிடங்கு. கவேஷனி என்ற ஆய்வுக் கப்பல் 1981 ஜனவரியில் ஆழ்கடலிலிருந்து பல்லுலோகக் கட்டிகளை எடுத்து வந்தது. புதிய துறையின் பணிகளில் அக்கட்டிகளைத் தேடுவதும் ஒன்றாக இருந்தது. இன்றைய ஆழ்கடல் இயக்கத்துக்கும், சென்னையில் உருவாகும் மத்ஸ்யா 6000 நீர்மூழ்கிக்கும் தொடக்கம் அங்கேதான் இருக்கிறது.

எனவே அவருடைய கருத்துகள் தூய்மையானவையா என்ற கேள்வியில் எனக்கு அதிக ஆர்வம் இல்லை. ஒரே ஆண்டில் ஒரே அலுவலகத்திலிருந்து புறப்பட்ட இரண்டு முடிவுகளில் ஒன்று ஏன் வளர்ந்தது, மற்றது ஏன் தேய்ந்தது என்பதே ஆராயத் தக்கது.

ஆற்றல் ஆணையம் 1982-இல் தனித் துறை ஆனது. 1992-இல் அமைச்சகம் ஆனது. இன்று புதிய, புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகம் என்று வழங்குகிறது. 1987-இல் அதற்கென ஒரு கடன் நிறுவனம் வந்தது. தமிழ்நாட்டில் 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் முதல் காற்றாலைப் பண்ணை எழுந்தது. 1990-களில் காற்றாலையின் முழு மதிப்பையும் தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ளும் சலுகை கிடைத்தது. கோவை, திருப்பூர் வட்டார ஆலை உரிமையாளர்கள் முப்பந்தல் கணவாயில் காற்றாலை நிறுவ வரிசையில் நின்றதற்குக் காரணம் ஆடிக் காற்று மட்டுமல்ல. வரிக்காகவே நிறுவப்பட்டு, சுழலாமல் நின்ற காற்றாலைகளும் இருந்தன என்பதை அத்துறையினரே மறுப்பதில்லை. ஆனாலும் அந்தச் சலுகை ஒரு தொழிலை உருவாக்கியது. இயந்திரம் செய்பவர், நிலம் விற்பவர், கடன் கொடுக்கும் வங்கி, மின்சாரம் வாங்கும் வாரியம் எனப் பலருடைய நலன் அதில் பிணைந்தது. இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நாட்டின் மொத்த மின் உற்பத்தித் திறனில் பாதி புதைபடிவ எரிபொருள் அல்லாத மூலங்களிலிருந்து என்ற 2030-க்கான இலக்கை இந்தியா 2025-லேயே எட்டியது.

கடற்கரைக்குக் கிடைத்தது ஒரு தடை மட்டுமே. தடையால் பயன் பெறுபவர்கள் சிதறிக் கிடப்பவர்கள்: வலை உலர்த்த மணல் வேண்டும் மீனவர், புயலின்போது மணல்மேடு தாங்கிக்கொள்வதால் தப்பும் கிராமத்தார், இன்னும் பிறக்காதவர்கள். தடையால் இழப்பவர்களோ சிலர். ஆனால் முகவரி உள்ளவர்கள், மனு எழுதத் தெரிந்தவர்கள். மான்கர் ஓல்சன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1965-இலேயே விளக்கிய நிலை இது. பயன் பலருக்குப் பரவி, இழப்பு சிலரிடம் குவிந்தால், சிலர்தாம் அமைப்பாகத் திரள்வார்கள். கடிதத்துக்குப் பின்னால் திரள யாரும் இல்லை.

விளைவைப் பார்ப்போம். கடிதத்துக்குச் சட்ட வலு இல்லாததால், 1986-இன் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1991 பிப்ரவரியில் கடலோர ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை வெளியானது. ஊரகக் கடற்கரைகளில் முதல் 200 மீட்டர் மட்டும் கட்டுமானத் தடைப் பகுதி ஆனது. மீதி 300 மீட்டர் நிபந்தனைகளுக்கு உட்பட்டது. அடுத்த 18 ஆண்டுகளில் அந்த அறிவிக்கை ஏறத்தாழ 25 முறை திருத்தப்பட்டது. 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் இரு கூறுகளை உச்ச நீதிமன்றமே 1996-இல் ரத்து செய்ய நேர்ந்தது. 2011-இல் புதிய அறிவிக்கை. 2019 ஜனவரியில் அரசிதழில் வெளியான இன்னொரு புதிய அறிவிக்கை, 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஒரு சதுர கிலோமீட்டரில் 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கடற்கரைகளில் தடைப் பகுதியை 50 மீட்டராகக் குறைத்தது. 500, 200, 50. ஒவ்வொரு முறையும் அமைச்சகத்தின் அறிவிக்கையே போதுமானதாக இருந்தது. நாடாளுமன்ற வாக்கெடுப்பு தேவைப்படவில்லை.

மீனவர்கள் தரப்பில் ஒரு நியாயம் உண்டு. அதைச் சொல்லாமல் கடப்பது நேர்மையாகாது. 500 மீட்டர் தூய்மையாக இருக்க வேண்டும் என்று தில்லியிலிருந்து எழுதியபோது, அந்த 500 மீட்டருக்குள்தான் குப்பங்கள் இருந்தன. பல தலைமுறைகளாகப் பட்டா இல்லாமல் வாழ்ந்தவர்களுக்குக் கல் வீடு கட்ட இந்த விதியும் ஒரு தடையானது. 2004 சுனாமிக்குப் பிறகு, பாதுகாப்பின் பெயரால் அவர்களைக் கடலிலிருந்து தள்ளிக் குடியமர்த்தவும் இதே மீட்டர் கணக்கு பயன்பட்டது. ஆகவே தளர்வு கேட்டவர்களில் மீனவர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் கேட்டது தங்கள் வீட்டுக்கு. கிடைத்த தளர்வு மீனவர் வீட்டோடு நிற்கவில்லை. சுற்றுலா விடுதிக்கும் அதில் இடம் உண்டு. சந்தை விலையில் நிலத்துக்கு இருவரும் போட்டியிட்டால் யார் வெல்வார் என்பதற்கு முனைவர் பட்டம் தேவையில்லை; கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒருமுறை பயணம் செய்தால் போதும்.

நாடாளுமன்றச் சட்டம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்ற உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் ஆணையிட்டது. தஞ்சைக் கடைமடையில் நிலத்தடி நீர் உப்பாவதைக் கண்டு போராடிய ஒரு காந்தியவாதியின் பெரும் வெற்றி அது. 2005-இல் நாடாளுமன்றம் இயற்றிய கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் அந்தத் தீர்ப்பின் அடித்தளத்தையே மாற்றிவிட்டது. அவையும் கையெழுத்திட்டுக் கொடுக்கும். வேறுபாடு என்னவென்றால், அவையில் நடந்தால் யார் எப்படி வாக்களித்தார் என்று கேட்க முடிகிறது. அரசிதழ் அறிவிக்கையிடம் அப்படிக் கேட்க முடியாது.

செஞ்சியில் வசிக்கும் ஒருவர் இதையெல்லாம் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். செஞ்சி ஆறு என்றும் வராக நதி என்றும் அழைக்கப்படும் சங்கராபரணி எங்கள் மலைகளில்தான் உருவாகிறது. வீடூர் அணையைக் கடந்து, புதுச்சேரிக்கருகே கடலில் சேர்கிறது. ஆறு கொண்டுசேர்க்கும் மணலால்தான் கடற்கரை உண்டாகிறது. அணை தேக்கிய மணலும் லாரி அள்ளிய மணலும் கரைக்குச் சேருவதில்லை. அந்த ஆற்றின் ஒரு கிளை கடலில் கலக்கும் அரியாங்குப்பம் முகத்துவாரத்தில்தான் 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத் தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. நம் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதைத் தடுத்தது. தெற்கே மணல் குவிந்தது; வடக்கே புதுச்சேரியின் கடற்கரை கரைந்தது; அடுத்து சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று விழுப்புரம் மாவட்டத்துக் குப்பங்களை அரிப்பு பிடித்தது. ஓரிடத்தில் கல் கொட்டினால் அதற்கு வடக்கே இருப்பவரின் வீடு போகிறது.

அந்தச் சுவர்கள் விதி மீறிக் கட்டப்பட்டவை அல்ல. துறைமுகத்துக்கு நீர்முகப்பு தேவை என்பதால் அதற்கு எப்போதும் விலக்கு உண்டு. ஆகவே மீட்டர் கணக்கு மட்டும் கடற்கரையைக் காக்காது. உயர் அலைக் கோடே நிலத்தை நோக்கி நகரும்போது, அதிலிருந்து அளக்கப்படும் 50 மீட்டரும் நகர்கிறது. முன்பு மூன்றாம் வரிசையில் இருந்த வீடு முதல் வரிசைக்கு வந்து நிற்கிறது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை பெய்தது. மயிலம் கடலோர ஊர் அல்ல. செஞ்சிக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது. கடலைப் பற்றிய கொள்கை கரையோடு முடிவதில்லை என்பதை அந்த வாரம் எங்கள் வட்டாரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது, 1981-இல் பிறந்த இரண்டு முடிவுகளும் கடலிலேயே சந்திக்கின்றன. நிலத்தில் நல்ல காற்று வீசும் இடங்கள் பெரும்பாலும் நிரம்பிவிட்டன. எனவே காற்றாலை கடலுக்குள் இறங்க இருக்கிறது. குஜராத்திலும் தமிழ்நாட்டிலும் தலா 500 மெகாவாட் திறனுள்ள கடற்காற்றாலைகளுக்கு ஆதரவாக 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. அதில் 600 கோடி துறைமுகங்களை மேம்படுத்துவதற்கு. தமிழ்நாட்டில் இதற்கு உகந்ததாகக் கருதப்படும் கடற்பகுதி மன்னார் வளைகுடாவை ஒட்டியது. 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்காவும், 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமும் அங்கேதான் உள்ளன.

கடலோர அறிவிக்கையில் ஆலைகளுக்கான தடையிலிருந்து விலக்குப் பெற்றவற்றின் பட்டியலில், மரபுசாரா ஆற்றலில் மின்சாரம் தயாரிக்கும் அமைப்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. அணுசக்தித் துறையின் திட்டங்களும் இருக்கின்றன. நிலத்தில் காற்றாலைக்கும் சூரிய மின் நிலையத்துக்கும் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்கீழ் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவையில்லை. தூய ஆற்றல் என்ற பெயருக்கே ஒரு நற்சான்றிதழ் வழங்கப்பட்டுவிட்டது. புகை வராது என்பது உண்மை. ஆனால் கடலடியில் அடித்தளம் ஊன்றும்போதும், மின்கம்பி பதிக்கும்போதும், பாதுகாப்பு வளையம் வரையும்போதும், அந்த இடத்தில் நேற்று வரை வலை வீசியவர் எங்கே போவார் என்பது புகையோடு சம்பந்தப்பட்ட கேள்வி அல்ல. நான் கடற்காற்றாலைக்கு எதிரானவன் அல்லன். நிலக்கரிச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தை என்ன செய்தது என்று அறிந்த எவரும் எதிராக இருக்க முடியாது. கேட்பதெல்லாம், அந்தக் கேள்விக்கு விடை எழுத வேண்டிய இடம் ஒப்பந்தப் புள்ளிக்கு முன்பா பின்பா என்பதே.

காற்றாற்றலுக்கான தேசிய நிறுவனமும் கடல் தொழில்நுட்பத்துக்கான தேசிய நிறுவனமும் சென்னையில் ஒரே வேளச்சேரி – தாம்பரம் சாலையில், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டி இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போகலாம். அவற்றின் பின்னுள்ள இரு அமைச்சகங்களின் கோப்புகள் அவ்வளவு எளிதாகச் சந்தித்துக்கொள்வதாகத் தெரியவில்லை.

மாநிலத்தின் நிலை என்ன? பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் நாட்டின் முதல் கடற்பசுக் காப்பகத்தை 2022-இல் தமிழ்நாடு அறிவித்தது பாராட்டுக்குரியது. நம் மாவட்டத்தின் கழுவேலி ஈரநிலம் 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-இல் ராம்சார் தலமாகவும் ஆனது. மன்னார் வளைகுடாவை ஒட்டிய ஆழ்கடலை எண்ணெய், எரிவாயு ஏலத்திலிருந்து விலக்கக் கோரி 2025-இல் முதல்வர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மெரினாவில் கரையிலிருந்து 360 மீட்டர் தூரத்தில் கடலுக்குள் பேனா நினைவுச்சின்னம் எழுப்ப அனுமதி கோரியதும் அதே அரசுதான். 2023-இல் அதற்கு அனுமதி அளித்தது மத்திய அமைச்சகம். கடல் தொடர்பான கோட்பாட்டில் இரு அரசுகளும் இவ்வளவு எளிதில் உடன்பட்ட தருணங்கள் குறைவு.

1981-இல் பிரதமர் முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். 2025-இல் முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். இடைப்பட்ட 44 ஆண்டுகளில் காற்றாலைக்கு அமைச்சகம், வங்கி, வரிச்சலுகை, ஏலமுறை எல்லாம் கிடைத்துவிட்டன.

மாநில அரசால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 12 கடல் மைல் வரையிலான மீன்பிடிப்பு மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. அதற்கென 1983-ஆம் ஆண்டுச் சட்டமும் நம்மிடம் உள்ளது. எந்தக் குப்பத்தார் எந்தக் கடற்பரப்பில் எந்தப் பருவத்தில் தொழில் செய்கிறார்கள் என்ற வரைபடத்தை, ஊர்ப் பஞ்சாயத்துகளோடு சேர்ந்து தயாரித்து, அந்தச் சட்டத்தின் விதிகளில் இணைத்துவிட்டால், காற்றாலையோ எண்ணெய்க் கிணறோ எதுவாயினும் அந்த உரிமையோடு பேசித்தான் வர வேண்டியிருக்கும். பொதுவளங்களைப் பயன்படுத்துவோரே அவற்றைக் காக்க முடியும் என்பதை நிறுவி 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் சொன்னதும் ஏறத்தாழ இதுதான். மத்திய அரசு செய்ய வேண்டியதோ இரண்டு: கட்டுமானத் தடைப் பகுதியின் அளவைக் கோட்டைக்குச் செய்ததுபோல் சட்டத்துக்குள் எழுதுவது, கடற்பரப்பைக் காற்றாலைக்குக் குத்தகைக்கு விடுவதற்காக 2023-இல் வகுக்கப்பட்ட விதிகளின்கீழ் வசூலாகும் கட்டணத்தில் ஒரு பங்கை அந்தந்தக் கடற்கரைக் கிராமங்களுக்கு உரிமையாக்குவது. அந்தப் பங்கு வந்தால், கடற்கரையைக் காப்பதில் பணம் சார்ந்த நலனுள்ள ஒரு தரப்பு முதன்முறையாக உருவாகும். தமிழ்நாட்டுக் கடலில் முதல் காற்றாலைத் தூண் இன்னும் நடப்படவில்லை.